சுழி, வகுப்பு ஒன்பது

கடிதம் வந்த இரவு கரண்ட் இல்லை.
டைக் வீதி, வலைக்கடைக்கு மேல்மாடி.
போன் வெளிச்சத்தில் பஸ்மிலா வாசித்தாள்:
எமது கட்சிக்காரருக்குச் சொந்தமான சொல்லை
நீங்கள் உபயோகித்திருக்கிறீர்கள்.
பதினான்கு நாள் தவணை.

சொல்: சுழி.
வகுப்பு ஒன்பது, மென்பொருள்.

மூன்று வருடம் செய்த விளையாட்டு.
கொட்டியாரக் குடாவில் ஒரு வள்ளம்,
வள்ளத்தில் ஒரு பெட்டை, அவளிடம் ஒரு துடுப்பு.
மகாவலி கடலில் விழுகிற இடத்தில் நீர் திருகும்.
திருகினால் அதன் போக்கில் போகவேண்டும்,
எதிர்த்துத் தள்ளினால் செத்தாய்.
அந்தத் திருகலை எழுத எனக்கு ஏழு மாதம்.
அதன் நிறத்தைப் பிடிக்கப் பஸ்மிலா
கிண்ணியாப் பாலத்தில் நின்ற அந்திகளுக்குக் கணக்கில்லை.
பேர் மட்டும் ஒரு நிமிடத்தில் வந்தது.

கட்சிக்காரரைத் தேடினோம்.
இதுவரை ஒரு விளையாட்டும் செய்யாத கொம்பனி.
எங்கோ ஒரு தீவில் ஒரு தபால்பெட்டி.
கைவசம் பதினொரு மொழிகளில் நூற்றுப் பதினாறு சொற்கள்.
நிழல் அவர்களுடையது. விளிம்பு அவர்களுடையது.
தன் பாஷையில் மழை என்று பேர்வைத்த
ஒரு போலந்துப் பொடியன்
காசு கட்டிவிட்டுத்தான் நனைகிறான்.
வலையைப் போட்டுவிட்டுக் கரையில் படுத்திருந்த ஆள்;
பன்னிரண்டாயிரம் பேர் வாங்கும்வரை
கயிற்றைத் தொடவேயில்லை.

சட்டத்தரணி அனோஜிதாவிடம் சொன்னேன்:
தண்ணீரில் திருகுவது சுழி.
பிள்ளையின் உச்சந்தலையில் மயிர் சுற்றுவது சுழி.
மாட்டை விலைபேசுமுன் தடவிப் பார்ப்பதும் அதைத்தான்.
ஒன்றுமில்லை என்பதைக் கணக்கில்
எப்படி எழுதுவது, சொல்லுங்கள்?
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"வெல்லலாம் தம்பி, நியாயம் உங்கட பக்கம்தான்.
கொழும்பில ஒன்றரை வருசம். வெளியில எவ்வளவோ தெரியாது.
உங்களிட்ட எவ்வளவு கிடக்கு?"

கிடந்தது: இரண்டு மாத வாடகை,
மூலையில் வெடித்த ஒரு டேப்லட்,
தவணை பாதி கட்டிய ஸ்கூட்டி.
விளையாட்டை இணையக் கடையிலிருந்து ஏற்கெனவே எடுத்தாயிற்று.
ஆள் எடுக்கவில்லை, யந்திரம் எடுத்தது.

புதுப் பேர் தேடிய கிழமை இரண்டு பேரும் சண்டை.
நீரோட்டம், ஆருக்கோ சொந்தம். ஆழி, வேறு ஆருக்கோ.
"உன்ர பேரை வை" என்றாள். தேடினேன்.
வாசவன்: சீமெந்து.
கடைசியில் 'வள்ளம் 2' என்று வைத்தோம்.
வள்ளம் 1 என்று ஒன்று இல்லை.

கையெழுத்துக்கு, நீதிமன்றத்துக்கு எதிரேயுள்ள கந்தோர்.
இனி அந்தச் சொல்லையோ, அதன் வடிவையோ,
அதை ஒத்த எந்தக் குறியையுமோ
எங்கும் எப்போதும் உபயோகியேன் என்று
மூன்று பக்க உறுதிமொழி.
பேனையை வாங்கினேன்.
ஐந்து வயதுப் பழக்கம், கை என்னைக் கேட்கவில்லை:
தாளின் தலையில், நட்ட நடுவில்,
ஒரு உ, கீழே இரண்டு கோடு.

அனோஜிதா பார்த்தார். லிகிதர் பார்த்தார்.
"பிள்ளையார் சுழி" என்றார் லிகிதர் மெதுவாக,
சொன்ன பிறகு கதவுப் பக்கம் திரும்பியபடி.
பஸ்மிலாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
"எங்கட வாப்பா 786 போடுவார்.
அதையும் ஆராவது எடுத்திட்டாங்களா எண்டு பாருங்க."

புதுத் தாள் அடிக்க முப்பது ரூபா.
மொட்டைத் தலையோடு ஒரு கடதாசியில்
முதல் தடவையாகக் கையெழுத்து வைத்தேன்.

பிழைத்த தாளோடு வெளியே வந்தால்
மதிலோரம் இரண்டு புள்ளிமான்,
பஸ்நிலையத்தில் சோற்றுப்பார்சல் தின்று பழகியவை.
ஒன்று என் கையை முகர்ந்துவிட்டுத்
தாளை மேல்நுனியில் கடித்தது.
நான் விடவில்லை. கொஞ்சம் இழுத்துப் பார்த்தேன்.
அதுவும் இழுத்தது.
பிறகு விட்டேன்.